மின்சார சைக்கிளும் அதன் கையேடும்

மின்சார சைக்கிள் ஒன்றை வாங்கினால் வண்டியோடு ஒரு சார்ஜர், இரண்டு சாவிகள், நட்டு முறுக்க ஒரு ஸ்பானர், இவற்றுடன் ஒரு மெல்லிய புத்தகமும் தருகிறார்கள். முதல் மூன்றையும் எல்லோரும் பத்திரப்படுத்துவார்கள். நான்காவதைப் புரட்டிப் பார்ப்பவர் சிலர். முழுவதும் படிப்பவர் அதனினும் சிலர். வாங்குபவரின் சோம்பலே இதற்குக் காரணம் என்று விற்பவர்கள் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். மற்றப் பாதி, அந்தப் புத்தகம் படிக்கத் தக்கவாறு எழுதப்படவில்லை என்பதாகும்.

நாவலையும் பாடநூலையும் திரைப்படத்தையும் எடுத்து வைத்து மதிப்புரை எழுதுகிறோம். ஒரு குடும்பத்தின் உயிரோடு தொடர்புள்ள இந்தக் கையேட்டை மட்டும் ஏன் யாரும் மதிப்பிடுவதில்லை? இங்கே அதைத்தான் செய்யப்போகிறோம். எந்த ஒரு நிறுவனத்தின் கையேட்டையும் தனியே சுட்டிப் பேசுவது நம் நோக்கமன்று. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போலிருப்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

உயிர் என்று சொன்னதை மிகை என்று எண்ணவேண்டாம். 2023ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் மட்டும் லித்தியம் அயனி மின்கலங்களால் 268 தீ விபத்துகள் நேர்ந்தன. 18 பேர் இறந்தனர். 150 பேர் காயமடைந்தனர். மின்சார சைக்கிளில் உணவு கொண்டு சேர்க்கும் தொழிலாளர்கள் அந்நகரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவ்வாண்டு ஜூன் மாதம், சைனா டவுன் பகுதியில் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்திலிருந்த மின்சார சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் நள்ளிரவில் பற்றிய தீ, மாடியில் குடியிருந்தவர்களில் நால்வரைக் கொன்றது. அவர்கள் யாரும் அந்தக் கடையின் சைக்கிளில் ஏறியவர்கள் அல்லர். நமக்கு அருகிலும் நடந்திருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அது சைக்கிள் அன்று, ஸ்கூட்டர். ஆனால் மின்கலத்தின் இயல்பு இரண்டிலும் ஒன்றே.

இவற்றைப் படித்துவிட்டு மின்சார சைக்கிளே வேண்டாம் என்று முடிவு செய்வதும் தவறு. அரை யூனிட்டுக்கும் குறைந்த மின்சாரத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் கொண்டு செல்லும் வண்டி வேறு எது? முழங்கால் வலியுள்ள ஆசிரியருக்கும், பத்துக் கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்குச் செல்லும் மாணவிக்கும் அது பெரிய உதவி. ஆகவேதான் அதன் கையேடு நன்றாக இருக்கவேண்டும் என்று கேட்கிறோம்.

ஒரே பக்கத்தில் மூன்று மின்கலங்கள்

கையேட்டின் மிக முக்கியமான பகுதி மின்கலத்தைப் பற்றியது. மிக மோசமாக எழுதப்படும் பகுதியும் அதுவே. அங்கே பொதுவாகக் காணப்படும் அறிவுரைகள் மூன்று. ஒவ்வொரு முறை ஓட்டி வந்ததும் முழுவதும் சார்ஜ் செய்து வைக்கவும். வாங்கிய புதிதில் சில முறை முழுவதும் தீரும்வரை ஓட்டிப் பின் சார்ஜ் செய்யவும். நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் பாதி அளவு சார்ஜில் வைக்கவும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையே என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். எழுந்தால் நீங்கள் கவனமாகப் படிக்கிறீர்கள் என்று பொருள்.

இவற்றின் மூலத்தைத் தேடினால் சுவையான ஒரு வரலாறு கிடைக்கிறது. முதல் அறிவுரை ஈய அமில மின்கலத்துக்கு உரியது. நம் நாட்டில் முதலில் விற்கப்பட்ட மின்சார சைக்கிள்கள் பலவற்றில் அதுவே இருந்தது. ஈய அமில மின்கலத்தைக் குறைந்த சார்ஜில் விட்டுவைத்தால் தகடுகளின்மேல் ஈய சல்பேட்டுப் படிகங்கள் கெட்டிப்பட்டு வளர்ந்து, பின்னர் கரைய மறுக்கும், கொள்திறன் குறைந்துவிடும். எனவே அதை எப்போதும் நிறைத்து வைப்பதே முறை. இரண்டாம் அறிவுரை நிக்கல் காட்மியம் மின்கலத்தின் காலத்திலிருந்து வந்தது. பாதியில் சார்ஜ் செய்து செய்து பழக்கினால் அது அந்தப் பாதியை 'நினைவில்' வைத்துக்கொண்டு அதற்குமேல் தர மறுப்பதுண்டு. அதனால் அவ்வப்போது முழுவதும் தீர்க்கச் சொன்னார்கள். மூன்றாவது அறிவுரை மட்டுமே இன்று உங்கள் வண்டியில் இருக்கும் லித்தியம் அயனி மின்கலத்துக்கு உரியது. வண்டியில் மின்கலம் மாறியது. கையேட்டில் பழைய வரி நீக்கப்படாமல் புதிய வரி மட்டும் கீழே சேர்ந்துகொண்டது. பழைய வீட்டுக்கு மேல்மேலும் தாழ்வாரம் இறக்கிக் கட்டுவது போல!

லித்தியம் மின்கலத்துக்கு முழு நிறைவும் பிடிக்காது, முழு வெறுமையும் பிடிக்காது. நிறைந்த நிலையில், அதிலும் வெப்பத்தில், அதன் உள்ளே வேண்டாத வேதிவினைகள் விரைந்து நடக்கும்; அதன் ஆயுள் குறையும். முற்றிலும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் மின்னழுத்தம் பாதுகாப்பான எல்லைக்குக் கீழே இறங்கி, எதிர்முனையின் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். அந்த நிலைக்குப் போன மின்கலத்துக்கு மறுபடி சார்ஜ் ஏற்றினால், கரைந்த தாமிரம் வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குச் சுற்று உண்டாகலாம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர் வண்டியைத் தீர்ந்த சார்ஜில் விட்டுச் செல்லக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். காரணத்தைச் சொல்ல இரண்டு வரி போதும். கையேட்டில் அந்த இரண்டு வரி இருப்பதில்லை. 'பராமரிப்பின்மைக்கு உத்தரவாதம் பொருந்தாது' என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கிறது.

இனி வெப்பத்துக்கு வருவோம். 'பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்' என்ற எச்சரிக்கை அநேகமாக எல்லாக் கையேடுகளிலும் உண்டு. உண்மையான எச்சரிக்கைதான், குளிரில் சார்ஜ் செய்தால் லித்தியம் கிராபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். ஆனால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும் உதகையை விட்டால், தமிழ்நாட்டில் இந்த வரி யாருக்கு வேண்டும்? இங்கே வேண்டியது மறு எல்லை. பொதுவாக இவ்வகை மின்கலத்தைச் சார்ஜ் செய்ய அனுமதிக்கப்படும் உச்ச வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் தகரக் கொட்டகையிலோ வெயிலில் நிறுத்திய வண்டியிலோ இந்த 45 எளிதில் தாண்டப்படும். அதற்குக் கையேடு சொல்வது, 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்ற நான்கு சொற்கள். எண் இல்லை. குளிர் நாட்டுக்கு எண்ணும், நமக்குப் பெயரடையும்!

எண் இருந்தால் என்ன செய்வீர்கள்? நண்பகல் வெயிலில் வந்து இறங்கியதும் சார்ஜரைச் செருகமாட்டீர்கள். மின்கலப் பெட்டியைக் கழற்றி நிழலில் அரை மணியோ ஒரு மணியோ ஆறவிட்டு, தொட்டால் சூடு தெரியாத நிலையில் செருகுவீர்கள். அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது என்ன?

கையேடு 'ஆபத்து' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறது. ஆபத்து எப்படி வருகிறது என்று சொல்வதில்லை. நாம் பார்ப்போமா?

36 வோல்ட், 10 ஆம்பியர் மணி கொண்ட ஒரு மின்கலப் பெட்டியைத் திறந்தால் உள்ளே நாற்பது சிறு உருளைகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் உயரமும் உடையது. நான்கு நான்காகப் பக்க இணைப்பில் கட்டி, அந்தப் பத்துக் கட்டுகளையும் தொடராக இணைத்திருப்பார்கள். ஒரு கலம் 3.6 வோல்ட், பத்துக்கு 36. முழுச் சார்ஜில் ஒரு கலம் 4.2 வோல்ட், பத்துக்கு 42. இந்த 42 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

ஒவ்வோர் உருளைக்குள்ளும் நேர்முனைத் தகட்டையும் எதிர்முனைத் தகட்டையும் பிரித்து நிறுத்துவது ஒரு நுண்துளை பிளாஸ்டிக் தாள். அதன் தடிமன் தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. சுற்றிலும் இருப்பது எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான் கலந்த மின்பகுளி. ஏதோ ஒரு காரணத்தால், அதாவது மிகைச் சார்ஜாலோ, வண்டி விழுந்து நசுங்கியதாலோ, தயாரிப்பில் புகுந்த ஓர் உலோகத் துகளாலோ, ஒரு கலம் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 100 டிகிரியை ஒட்டி எதிர்முனையின் பாதுகாப்புப் படலம் சிதைந்து தானே வெப்பம் வெளியிடத் தொடங்கும். 130 டிகிரி அளவில் பாலிஎத்திலீன் தாள் உருகும். இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும். மேலும் சூடேறினால் நேர்முனையின் ஆக்சைடே சிதைந்து ஆக்சிஜனை வெளியிடும். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே குப்பிக்குள்! அந்தக் கலத்தின் வெப்பம் பக்கத்துக் கலத்தைத் தாக்கும்; அது அடுத்ததை. சரவெடி கொளுத்தினாற்போல நாற்பதும் வெடிக்கச் சில நிமிடங்கள் போதும். வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் புளோரைடும் உண்டு.

நேர்முனையில் லித்தியம் இரும்புப் பாஸ்பேட் உள்ள கலங்கள் இவ்வளவு எளிதில் இந்த நிலைக்கு வருவதில்லை; அதிலுள்ள ஆக்சிஜன் பாஸ்பேட்டோடு இறுகப் பிணைந்திருக்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை? கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கவேண்டிய செய்தி இது. 'உயர்தர லித்தியம் மின்கலம்' என்று எழுதியிருந்தால் அது விளம்பரமே தவிர விவரம் அன்று. கடையில் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்குவதா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

இப்போது 42க்குத் திரும்புவோம். 36 வோல்ட் பெட்டியின் சார்ஜர் 42 வோல்ட் தரும். 48 வோல்ட் பெட்டியில் பதின்மூன்று கட்டுகள் தொடரில் இருந்தால் அதன் சார்ஜர் 54.6 வோல்ட் தரும். இரண்டு சார்ஜர்களின் முனைச் செருகியும் ஒரே அளவில் இருப்பது மிகச் சாதாரணம். அண்ணனின் 48 வோல்ட் சார்ஜரைத் தம்பியின் 36 வோல்ட் வண்டியில் செருகினால், ஒவ்வொரு கட்டுக்கும் 4.2க்குப் பதில் 5.4 வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் விழும். அதைத் தடுக்கப் பெட்டிக்குள் ஒரு மின்னணுக் காவல் பலகை உண்டு; நல்ல பெட்டியில் அது சுற்றைத் துண்டிக்கும். மலிவான பெட்டியில் அது துண்டிக்கும் என்று நம்பி உயிரைப் பணயம் வைப்பதா? 'நிறுவனத்தின் அசல் சார்ஜரை மட்டுமே பயன்படுத்தவும்' என்று கையேடு சொல்வதை வாசகர் வியாபார தந்திரம் என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறார். அவரைக் குறை சொல்லமுடியாது. கார் முதல் கடிகாரம் வரை எல்லாக் கையேடுகளும் அதே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டன. 'உங்கள் சார்ஜரில் 42 வோல்ட் என்று அச்சிட்டிருக்கவேண்டும். வேறு எண் இருந்தால் செருகாதீர்' என்று எழுதியிருந்தால் பத்து வயதுச் சிறுவனும் சரிபார்த்துவிடுவான்.

இரவு முழுவதும் சார்ஜில் விடவேண்டிய அவசியமும் இல்லை. 42 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் தருவது 84 வாட். பெட்டியின் கொள்ளளவு 360 வாட் மணி. வகுத்துப் பாருங்கள், கடைசியில் மெதுவாக ஏறும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து மணிக்குச் சற்றுக் கூடும். மாலை ஐந்து மணிக்குச் செருகினால், படுக்கப் போகுமுன் எடுத்துவிடலாம். எங்கே செருகுவது என்பது அதைவிட முக்கியம். நம் வீடுகளில் சைக்கிளை நிறுத்தும் இடம் வாசல் நடை. வீட்டுக்கு ஒரே வாசல் என்றால், அங்கே சார்ஜில் இருக்கும் மின்கலம் பற்றிக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் எவ்வழியே வெளியேறுவார்கள்? வெளியேறும் வழியில் சார்ஜ் செய்யாதீர்கள் என்று நியூயார்க்கின் தீயணைப்புத் துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. நம்மிடம் விற்கப்படும் கையேடுகளின் படங்களில் சைக்கிள் எப்போதும் ஒரு வெள்ளைச் சுவரின் அருகே நிற்கிறது. அந்த வீட்டுக்குக் கதவே இருப்பதில்லை.

எத்தனை கிலோமீட்டர்?

'ஒரு சார்ஜில் 70 கிலோமீட்டர் வரை' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இதில் மிக நேர்மையான சொல் 'வரை' என்பதுதான். கணக்குப் போடத் தெரிந்த மாணவர்கள் இதைத் தாங்களே சோதிக்கலாம்.

ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 25 கிலோ, மொத்தம் 95 கிலோ. சாலை சமதளம், காற்று இல்லை, மிதிப்பதும் இல்லை. டயரின் உருளல் தடை ஏறத்தாழ 7.5 நியூட்டன், இது வேகத்தோடு அதிகம் மாறாது. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 15 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 6 நியூட்டன். 25 கிலோமீட்டரில் 17க்கு மேல். ஆக மொத்தத் தடை 15 கிலோமீட்டர் வேகத்தில் 14 நியூட்டன், 25 கிலோமீட்டர் வேகத்தில் 25 நியூட்டன். ஒரு கிலோமீட்டர் செல்ல வேண்டிய வேலை முறையே 14, 25 கிலோஜூல். மோட்டாரும் மின்னணுச் சுற்றும் நூற்றுக்கு 75 பங்கையே சக்கரத்துக்குத் தருவதாகக் கொண்டால், மின்கலத்திலிருந்து செலவாவது 5.2 வாட் மணியும் 9 வாட் மணியும் ஆகும். 360ஐ இவற்றால் வகுத்தால் ஒன்றில் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர், மற்றதில் 40. அந்த 70 பொய்யன்று. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், காற்றில்லாத மைதானத்தில், எங்கும் நில்லாமல் செல்பவருக்கு அது மெய்.

நூற்றுக்கு நான்கு ஏற்றமுள்ள மேட்டில் என்ன ஆகும்? புவியீர்ப்பு மட்டுமே 37 நியூட்டன் பின்னுக்கு இழுக்கும். மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏறினாலும் கிலோமீட்டருக்கு 18 வாட் மணி செலவு. அதாவது 20 கிலோமீட்டரில் பெட்டி காலி. கூடவே நீங்கள் மிதித்தால் இந்தக் கணக்குகள் எல்லாம் உங்களுக்குச் சாதகமாக மாறும். கையேடு ஓர் எண்ணுக்குப் பதில் இப்படி மூன்று வரி அட்டவணை தந்தால் என்ன குறைந்துவிடும்?

இது வெறும் ஏமாற்றத்தோடு நிற்கும் விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். நாள் முழுவதும் ஓடித்தான் சம்பாதிக்கவேண்டும் என்னும் தொழிலாளி, பெட்டி நண்பகலில் தீர்ந்ததும் என்ன செய்வார்? மலிவாகக் கிடைக்கும் இரண்டாவது பெட்டி ஒன்றைத் தேடுவார். பழைய பெட்டிகளிலிருந்து எடுத்த கலங்களைப் பொறுக்கிக் கட்டிய பெட்டிதான் மலிவாகக் கிடைக்கும். வெவ்வேறு வயதும் வெவ்வேறு வலிமையும் உள்ள கலங்களை ஒரே தொடரில் கட்டினால், நலிந்தவை மற்றவற்றுக்கு முன்பே நிறைந்து மிகைச் சார்ஜுக்கு உள்ளாகும். நியூயார்க் நகரம் 2023ல் இவ்வாறு பழைய கலங்களைக் கொண்டு பெட்டி கட்டுவதைத் தடை செய்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல், யு.எல். 2849 என்ற பாதுகாப்புத் தரத்துக்கு ஒத்துவராத மின்சார சைக்கிளை அந்நகரில் விற்கவும் கூடாது என்று சட்டம் செய்தது. கொட்டை எழுத்தில் போட்ட ஓர் எண் எங்கே கொண்டுபோய் விடுகிறது பார்த்தீர்களா?

நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின் வரையறையையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மோட்டாரின் அரை மணித் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், மோட்டாரின் உதவி 25 கிலோமீட்டர் வேகத்தில் நின்றுவிடுவதாகவும் இருந்து, சோதனை நிறுவனம் ஒன்று அதைச் சரிபார்த்திருந்தால், அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவும் உரிமமும் வேண்டாம். தகுந்த பிரேக் வேண்டும், முன்னே வெள்ளையும் பின்னே சிவப்புமாகப் பிரதிபலிப்பான் வேண்டும் என்று அந்த வரையறை கேட்கிறது. சார்ஜரைப் பற்றி அந்த வரையறையில் ஒரு சொல்லும் இல்லை. சாலையில் போகும் வண்டியைப் பார்த்து எழுதிய விதி அது. வீட்டில் நிற்கும் வண்டி அதன் கண்ணில் படவில்லை. 'வேகப் பூட்டை எடுத்துத் தருகிறோம்' என்று சில கடைகளில் சொல்வார்கள். எடுத்த மறு நிமிடமே உங்கள் சைக்கிள் சட்டத்தின் பார்வையில் பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனமாகிவிடும்.

பிரேக்கும் அச்சும்

நம் பழைய கறுப்புச் சைக்கிளே இருபது கிலோவுக்கு அருகில் இருக்கும். ஆகவே மின்சார சைக்கிளின் எடை நமக்குப் புதிதன்று. புதியது வேகம். பதினைந்தில் போய்ப் பழகியவர் இருபத்தைந்தில் போகிறார். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருப்பதால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 2.8 மடங்காகிறது. தடையைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகும் என்று கொள்வோம். வறண்ட சாலையில் பிரேக், விநாடிக்கு மூன்று மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கட்டும். 15 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 7 மீட்டர் போதும். 25 கிலோமீட்டரில் 15 மீட்டர் வேண்டும். மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் பாதியளவே பிடித்தால் 23 மீட்டர். இரண்டு பேருந்துகளின் நீளம். பழைய இரும்பு ரிம்மில் பிரேக் பாதிகூடப் பிடிக்காது.

இந்தக் கணக்கைக் கையேடு தருவதில்லை. 'ஓட்டுமுன் பிரேக்கைச் சோதிக்கவும்' என்கிறது. எப்படிச் சோதிப்பது? பல மின்சார சைக்கிள்களில் பிரேக் பிடியிலேயே ஒரு சிறு சுவிட்ச் உண்டு. பிடியைத் தொட்டதும் மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டம் நின்றுவிடவேண்டும். ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைத் தூக்கி, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு பிடியை மட்டும் லேசாக அழுத்துங்கள். பிரேக் கட்டை ரிம்மைத் தொடுமுன்பே மோட்டார் நிற்கவேண்டும். பிறகு மற்றப் பிடி. ஒன்றில் நின்று மற்றதில் நிற்காவிட்டால் அந்த வண்டியை அன்றைக்கு வெளியே எடுக்காதீர்கள். கேபிள் தளர்ந்து, பிடியைப் பாதிக்கு மேல் இழுத்தால்தான் பிரேக் பிடிக்கிறது என்றால் அதையும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

இதே சுவிட்ச் இன்னொரு தொல்லைக்கும் மருந்து. மலிவான வண்டிகளில் பெடல் அச்சில் ஒரு காந்த வளையம் இருக்கும். பெடல் சுழல்கிறதா என்று மட்டும் அது பார்க்கும். நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று பார்க்காது. சிக்னலில் நின்று, புறப்படுவதற்காகப் பெடலைக் காலால் சற்றே சுழற்றினாலும் மோட்டார் முழு மூச்சில் வண்டியை முன்னே தள்ளிவிடும். முன்னே நிற்பது லாரியாக இருக்கலாம். நிற்கும்போது ஒரு பிரேக் பிடியை அழுத்தியே வைத்திருப்பது நல்ல பழக்கம்.

கையேடு எழுதியவர் நம் தெருவைப் பார்த்ததில்லை என்பதற்குச் சரியான சான்று பஞ்சர் பற்றிய பக்கம். சக்கரத்தைக் கழற்றி, மோட்டாரின் இணைப்புக் கம்பியைப் பிரித்து, ட்யூபை எடுத்து என்று ஒன்பது படிகள் எழுதியிருப்பார். நம் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. வண்டியைச் சாய்த்து, டயரின் ஒரு பக்கத்தைப் பிதுக்கி, ட்யூபை வெளியே இழுத்து, தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து ஒட்டிவிடுவார். மோட்டார் சக்கரத்துக்கு அவருடைய முறையே மேல்! டயரோ ட்யூபோ மாற்றும்போதுதான் சக்கரம் கழல வேண்டும். அப்போது கவனிக்க வேண்டியது கம்பி மட்டுமன்று, அச்சும்.

சக்கரத்தின் மையத்தில் மோட்டார் உள்ள வண்டியில், மோட்டார் சக்கரத்தை முன்னே திருப்பும்போது அச்சு பின்னே திரும்ப முயலும். அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்வது அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவிய பகுதியும், அது பொருந்தும் சட்டத்தின் பிளவும்தான். மோட்டாரின் முறுக்கு 35 நியூட்டன் மீட்டர், தட்டைப் பகுதியின் அகலம் ஒரு சென்டிமீட்டர் என்று கொண்டால், அந்த விளிம்பில் விழும் விசை சுமார் 3500 நியூட்டன். முந்நூற்றைம்பது கிலோ எடை! நட்டு தளர்ந்திருந்தால், அல்லது கழற்றிய வாஷரை மறந்துவிட்டால், அச்சு பிளவை விட்டு உருண்டு, உள்ளே போகும் கம்பியை முறுக்கி அறுத்துவிடும். முன்சக்கர மோட்டாராக இருந்தால் சக்கரமே கழன்று போகலாம். கழற்றுமுன் வாஷர்களின் வரிசையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய பின் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். கனமான மோட்டாரைத் தாங்கும் ஸ்போக்ஸ் கம்பிகளும் புதிதில் தளரும்; விரலால் தட்டினால் மற்றவை 'டிங்' என, தளர்ந்தது மட்டும் மொத்தென ஒலிக்கும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. கையேட்டில் ஐபிஎக்ஸ் 4 என்று போட்டிருந்தால், எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரை அது தாங்கும் என்று பொருள். மழையில் போகலாம். சென்னைத் தெருவில் முழங்கால் வெள்ளத்தில் இறக்கக்கூடாது. வாட்டர் சர்வீஸ் கடையின் பீச்சு நீருக்கும் காட்டக்கூடாது. ஈரத் துணி போதும்.

தீப்பற்றினால் செய்யவேண்டியதைக் கையேடு கடைசிப் பக்கத்தில் வைக்கிறது. 'தகுந்த தீயணைப்பானைப் பயன்படுத்தவும்' என்கிறது. எந்த வீட்டில் இருக்கிறது அது? இருந்தாலும், உலர்பொடி மேலெழும் சுடரை அணைக்குமே தவிர உள்ளே நடக்கும் வேதிவினையைக் குளிர்விக்காது. அணைந்தது போலிருந்து மீண்டும் பற்றும். தீயணைப்புப் படையினர் ஏராளமான நீரை ஊற்றிக் குளிர்விக்கவே முயல்கிறார்கள். உங்கள் வேலை வேறு. பெட்டி சீறினாலும், புகைந்தாலும், இனிப்பான கரைப்பான் வாடை அடித்தாலும், எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டு 101ஐ அழையுங்கள். பெட்டியைத் தூக்கி வெளியே எறியப் போகாதீர்கள்.

அதற்கு முன்பே சில பெட்டிகள் அடையாளம் காட்டும். உறை உப்பும், சார்ஜில் இல்லாதபோதும் சூடு தெரியும், முன்பு முப்பது கிலோமீட்டர் சென்றது திடீரென்று பத்தாகும். அப்படிப்பட்ட பெட்டியைத் திறக்கவோ, சார்ஜ் செய்யவோ, பழைய இரும்புக் கடையில் போடவோ கூடாது. எரியக்கூடிய பொருள்களிலிருந்து விலக்கி வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, விற்றவரிடம் சேர்க்கவேண்டும். இங்கேயும் கையேட்டின் வாக்கியம், 'உள்ளூர் விதிகளின்படி அப்புறப்படுத்தவும்' என்பதுதான். அந்த விதி எது? இந்திய அரசு 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்பட்டுத் தீர்ந்த மின்கலத்தைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதே சுமத்துகின்றன. வாசகரை நோக்கி 'விதிகளின்படி நடக்க' என்று எழுதுபவர், விதி தம்மை நோக்கிச் சொல்வதை விட்டுவிடுகிறார். பழைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கவேண்டிய முகவரியை அந்தக் கடைசிப் பக்கத்தில் அவர் அச்சிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், வாங்கும் அன்றே கடைக்காரரிடம் ரசீதின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.